இறக்கி வைக்க முடியாத சூலம்

தொலைந்த சூலத்தைத் தேடிப் போனவர்கள் மூன்று பேர். என் அப்பா மாடசாமி. ஊர்ச் சாட்சியாகச் சொள்ளமுத்து அண்ணாச்சி. ரயில் சீட்டு வாங்கவும் பலகைகளில் எழுதியிருப்பதைப் படித்துச் சொல்லவும் நான். வரவேண்டியவர்களில் இரண்டு பேர் வரவில்லை. சாமியாடியை நாட்டாமை தடுத்துவிட்டார். சூலத்தைக் கண்டதும் அவர்மேல் அம்மன் இறங்கிவிட்டால் நாற்பது மைலும் ஆடிக்கொண்டே திரும்பவேண்டி வருமே என்று பயம். ஆசாரிக்கு வீட்டில் மனைவி பிரசவத்துக்குக் காத்திருந்தாள். பழைய சூலத்தின் நடு முனையைக் காய்ச்சி நிமிர்த்தியவர் அவர். ஒரு பார்வையில் ஆம், இல்லை என்று சொல்லக்கூடியவர் அந்த ஒருவர்தான். அவர் இல்லாமலே புறப்பட்டோம்.

எங்கள் ஊர் சேரன்மகாதேவிக்கு மேற்கே இரண்டு மைலில் ஆற்றை ஒட்டி இருக்கிறது. ஊருக்கு முப்பிடாதி அம்மன். சித்திரைக் கடைசிச் செவ்வாய் கொடைத் திருவிழா. அதற்கு முந்தின நாள் காலையில் சூலத்தை ஆற்றுக்கு எடுத்துப்போய் இடுப்பளவு தண்ணீரில் நட்டு, உச்சிப்பொழுதில் திரும்பக் கொண்டுவந்து பீடத்தில் ஏற்றவேண்டும். சுமப்பது அப்பாவின் உரிமை. இருபது வருஷமாக அவர்தான் சுமந்தார். இதற்கு இரண்டு சட்டம் உண்டு. கையில் காப்பு கட்டி விரதம் இருப்பவன்தான் தொடலாம். தூக்கிய சூலம் பீடம் சேரும்வரை தரையைத் தொடக்கூடாது. ஆற்றுத் தண்ணீரில் மட்டும் நிறுத்தலாம்.

போன வருஷம் மலையில் மழை பெய்தது எங்களுக்குத் தெரியாது. ஊரில் வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. திடீரென்று செந்தண்ணீர் வந்து அப்பாவையும் சூலத்தையும் சேர்த்து அடித்தது. அப்பா அரை மைலுக்கு அப்பால் ஒரு நாணல் புதரைப் பிடித்துக் கரையேறினார். சூலம் வரவில்லை.

கூட்டத்தில் நாட்டாமை ஒரே கேள்வி கேட்டார். “இரும்பு மெதக்குமா வே?”

பேட்டையில் பழைய இரும்பு வாங்குகிற கடையில் அப்பா விற்றுவிட்டதாகப் பேச்சு எழுந்தது. அன்று முதல் ஒரு வருஷம் ஊர்க் கூட்டத்தில் அவருக்கு வெற்றிலை நீட்டுவாரில்லை. நல்லது கெட்டதுக்கு ஆள் அனுப்புவாரில்லை. “சூலம் தின்னி” என்று தெருவில் பிள்ளைகள் கத்தும். அதில் இரண்டு என்னிடம் படிக்கிற பிள்ளைகள்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: எனக்கும் சந்தேகம் இருந்தது. எங்கள் குடும்பத்தில் எழுத்து தெரிந்த முதல் ஆள் நான். பாளையங்கோட்டையில் மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்து, இப்போது பக்கத்து ஊரில் உதவி வாத்தியார். இரும்பு தண்ணீரில் போகாது என்று நானே பாடம் சொல்லியிருக்கிறேன். அப்பாவிடம் இதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை.

இந்த வருஷம் கொடைக்குப் பன்னிரண்டு நாள் இருக்கையில் ஒரு கருவாட்டு வியாபாரி சேதி கொண்டுவந்தான். ஆறு கடலில் விழுகிற இடத்தில், பரதவர் ஊரில், வலையில் இரும்புச் சூலம் ஒன்று அகப்பட்டதாம். ஆள் உயரமாம். மூன்று முனையாம். நாட்டாமை தீர்ப்பை முன்கூட்டியே சொல்லிவிட்டார். அது அம்மன் சூலம்தான் என்று அண்ணாச்சி வந்து சொன்னால், அப்பாவின் பேரும் உரிமையும் அவருக்கு. இல்லையென்றால் அபராதம் கட்டி, சொந்தச் செலவில் புதுச் சூலம் அடித்து வைக்கவேண்டும். சுமக்கும் உரிமை நாட்டாமையின் மருமகனுக்குப் போய்விடும்.

அப்பாவும் அண்ணாச்சியும் காப்பு கட்டிக்கொண்டார்கள். ஒரு வேளைச் சாப்பாடு, மீன் கறி கிடையாது. எனக்குக் கட்டவில்லை. “படிச்ச பிள்ளைக்கு எதுக்கு?” என்றார் அண்ணாச்சி. என்னைத் தட்டிக்கொடுக்கிறாரா, தள்ளிவைக்கிறாரா என்று புரியவில்லை.

வியாழக்கிழமை காலை ரயில். எங்கள் பக்கம் ரயில் வந்து சில வருஷம்தான் ஆகிறது. அண்ணாச்சி அதில் ஏறுவது அதுவே முதல் தடவை. பலகையில் உட்கார மாட்டேன் என்று கீழே சம்மணம் போட்டு, இரண்டு கையாலும் என் காலைப் பிடித்துக்கொண்டார். கொஞ்சம் தைரியம் வந்ததும் எழுந்து, ஜன்னல் வழியே வெற்றிலைச் சாற்றைத் துப்பினார். கூடவே மடியில் இருந்த அவல் பொட்டலமும் வெளியே போயிற்று.

“நிறுத்தச் சொல்லுலே! என் ஒரு நேரச் சாப்பாடுலே அது!”

நிற்காது என்றேன். அவர் நம்பவில்லை. நூறு பேர் கூப்பிட்டும் நிற்காத வண்டி என்ன வண்டி என்று திருநெல்வேலி வரைக்கும் திட்டிக்கொண்டே வந்தார்.

அங்கிருந்து ஒற்றை மாட்டு வண்டி. ஸ்ரீவைகுண்டத்துக்குக் கிட்ட அச்சாணி கழன்று சக்கரம் தனியே வாய்க்காலுக்குள் இறங்கியது. வண்டிக்காரன் அதைத் தேடி எடுப்பதற்குள் நாங்கள் மூவரும் மாட்டின் இடத்தில் நின்று வண்டியைத் தாங்கிக்கொண்டிருந்தோம். கரை நெடுக வாழை. எங்கள் பக்கத்தைவிட இங்கே தார் பெரிது, கரும்பு மெலிவு. அண்ணாச்சி பசியில் எதைப் பார்த்தாலும் தின்னும் பொருளாகவே பேசினார்.

வெள்ளிக்கிழமை ஏரல். இங்கேதான் எனக்கு முதல் அதிர்ச்சி.

சந்தையில் கொழும்பு போய்த் திரும்பிய வாழைக்காய் வியாபாரி ஒருவர் எங்களுக்குக் கருப்பட்டியும் தேங்காயும் கொடுத்து உட்காரவைத்தார். சூலம் தேடிப் போகிறோம் என்றதும் மடியை அவிழ்த்து ஒரு பெரிய செம்புக் காசை எடுத்தார். கப்பல்காரன் ஒருவன் கொடுத்த சீமைக் காசு. ஒரு பக்கம் ராஜா தலை. மறுபக்கம் ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள். தலையில் கவசம், ஒரு கையில் கேடயம், மறுகையில் சூலம். மூன்று முனையும் தெளிவாகத் தெரிந்தது. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. நம்மை ஆள்கிறவர்கள் கல்லையும் மண்ணையும் கும்பிடுகிறோம் என்று நம்மைப் பார்த்துச் சிரிக்கிறவர்கள் என்றுதான் பள்ளிக்கூடத்தில் கேட்டிருக்கிறேன். அவர்கள் காசிலேயே இப்படியா?

அண்ணாச்சி காசை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். கண் கலங்கியிருந்தது.

“மாடசாமி, பாத்தீரா வே? ஆத்தா கடல் தாண்டிப் போயிருக்கா. வெள்ளைக்காரனே கும்பிடுதான். அப்போ ஆத்துல போன சூலம் கடலுக்குப் போறது ஒரு பெரிய காரியமா? அவ போணும்னா இரும்பும் மெதக்கும், கல்லும் மெதக்கும்!”

“அது அம்மன் இல்லை அண்ணாச்சி,” என்றேன். “அவர்கள் தேசத்தையே ஒரு பெண்ணாக வரைந்திருக்கிறார்கள். கடலை ஆள்கிறோம் என்று காட்டச் சூலம். அந்தச் சூலமும் அவர்களுடையது இல்லை. பழைய யவனரின் கடல்தெய்வம் கையில் இருந்ததை வாங்கிக்கொண்டது.”

“ஒனக்கு எல்லாம் தெரியும்,” என்றார் அண்ணாச்சி. குரலில் ஒரு கசப்பு.

அப்பா என் முழங்காலை அழுத்தினார். “அண்ணாச்சி சொல்லுதத சொல்லட்டும்லே. நீ பைய இரு.”

பெரியவரை எதிர்த்துப் பேசாதே என்பதற்காகச் சொல்கிறார் என்று நினைத்தேன்.

சனிக்கிழமை வெயில் ஏறும்போது கழிமுகத்துக்கு வந்தோம். எங்கள் ஊரில் துள்ளிக் குதிக்கிற அந்தத் தண்ணீர் இங்கே அகலமாகப் படுத்துக்கிடந்தது. வாயில் வைத்தால் உப்பு. அண்ணாச்சி கடலைப் பார்த்து, “இதுக்கு அந்தாண்டக் கரை எங்கன?” என்று கேட்டார். கண்ணுக்குத் தெரியாது என்று நான் சொன்னதும், அதன்பிறகு அந்தத் திசைக்கு முதுகைக் காட்டியே நடந்தார். குடிசைக்குக் குடிசை மீன் பொரிகிற வாசனை. விரதக்காரர்கள் இருவரும் மூக்கைத் துண்டால் மூடிக்கொண்டார்கள். அண்ணாச்சி மூடியது ஆசையால்.

மாதா கோவில் உபதேசியார், வெள்ளை அங்கி போட்ட ஒடிசலான மனிதர், எங்களை வரவேற்ற விதமே விசித்திரமாக இருந்தது. “நீங்க வந்தது சேசு செய்த புண்ணியம். தயவு செய்து அதைக் கொண்டுபோயிருங்க,” என்றார். நாங்களோ பேரம் பேசத் தயாராக வந்திருந்தோம்.

கோவிலுக்குப் பின்னால் பூவரச மரத்தில் பனங்கயிற்றால் கட்டியிருந்தார்கள். தலைகீழாக. மூன்று முனையும் மணலுக்குள். கம்பி முழுக்கத் துருவும் சிப்பியும் பாசியும்.

“தலகீழா!” என்று அலறினார் அண்ணாச்சி. “யாருவே கட்டுனது?”

உபதேசியார் எங்களைச் சன்னல் பக்கம் கூட்டிப்போய் உள்ளே ஒரு படத்தைக் காட்டினார். நரகத்தின் படம். தீக்குள்ளே மனிதர்கள். நடுவே கறுப்பாக, கொம்பும் வாலுமாக ஒருவன். அவன் கையில் சூலம். அதே மூன்று முனை.

“இவன் யாரு?”

“பசாசு.”

அண்ணாச்சி சுவரைப் பிடித்துக்கொண்டார். நேற்றுத்தான் ஒரு தேசமே அதைப் பிடித்துக்கொண்டு ராணி மாதிரி உட்கார்ந்திருப்பதைப் பார்த்தோம். இன்று அதுவே பேய் கையில்.

“எங்க ஆத்தா கையில இருக்கத ஒம்ம பசாசு கையில குடுத்தது யாருவே?”

“கோவிக்கப்படாது. படம் சீமையில போட்டது,” என்றார் உபதேசியார் மெதுவாக. “வலையில இது வந்ததுல இருந்து சனங்க இந்தப் பக்கம் நடக்க மாட்டேங்குது. உருக்கலாம்னா தொடுததுக்கு ஆள் இல்ல.”

கூடையோடு நின்று கேட்டுக்கொண்டிருந்த ஒரு மீன்காரம்மாள் சிரித்துவிட்டாள். மிக்கேலம்மாள் என்று பேர். “சாமிங்கறாரு ஒருத்தரு, பசாசுங்கறாரு ஒருத்தரு. மீன் குத்துத கம்பு, அம்புட்டுத்தான்! ஒத்த முனையில குத்துனா மீன் நழுவிப்போவும். மூணு இருந்தா எங்கன திரும்பினாலும் ஒண்ணு ஏறும். எங்க ஆம்பளையாளு வள்ளத்துல இப்பவும் ஒண்ணு கெடக்கு. சாமியும் பசாசும் பொறவு எங்ககிட்ட இருந்து வாங்கிக்கிட்டது.”

உபதேசியார் அவளை அதட்டினார். எனக்கோ தலையில் யாரோ தட்டியது போலிருந்தது. கயிலாயமும் யவன தேசமும் பாபிலோனும் (அந்த ஊர் இடி தேவன் மூன்று கவை மின்னலைப் பிடித்திருப்பான் என்று எங்கள் வாத்தியார் சொல்லியிருந்தார்) அத்தனையும் ஒரு மீன்காரியின் கூடைக்குள் அடங்கிவிட்டதே! பசியில் இருக்கும் மனிதன் கையில் முதலில் இருந்த ஆயுதத்தைத்தான் பயத்தில் இருக்கும் மனிதன் தெய்வத்தின் கையில் கொடுத்தானோ? இதை உடனே யாரிடமாவது பேசவேண்டும் போலிருந்தது. தண்ணீர் கேட்கிற சாக்கில் அந்த அம்மாள் பின்னாலேயே அவள் குடிசைக்குப் போனேன்.

அவள் தண்ணீர் மொண்டுவர உள்ளே போனாள். நான் முற்றத்தில் நின்றேன். மீன் அரிகிற இடத்தில் ஒரு கட்டை கிடந்தது. கட்டைக்குக் கண் இருந்தது.

குடத்தளவு பெரிய மரத்தலை. சுருண்ட தாடி, திறந்த வாய், நெற்றிக்கு மேல் கிரீடம், அதில் இங்கொன்றும் அங்கொன்றுமாகப் பொன்பூச்சு. கன்னமெல்லாம் கத்தி வெட்டு, காது மடலில் மீன் செதில். நான் இரண்டடி பின்னால் குதித்ததைப் பார்த்து மிக்கேலம்மாள் மறுபடியும் சிரித்தாள்.

“பயப்படாத தம்பி. கடல்ல வந்த கெழவன். அந்தக் கம்பி வந்த வலையிலயேதான் இவரும் வந்தாரு. எங்கனயோ ஒடஞ்ச கப்பலோட மூக்குல இருந்தவராம். நல்ல மரம். அரிய வசதியா இருக்கு.”

எனக்குத் தெரிந்துவிட்டது. எங்கள் இங்கிலீஷ் வாசகப் புத்தகத்தில் இதே முகம் இருக்கிறது. நெப்டியூன், அந்தக் கடல்தெய்வம்! புத்தகத்தில் கட்டைவிரல் அளவு படமாகப் பார்த்தவரை, என் சொந்த ஆற்றின் வாசலில், கன்னத்தில் கத்தி வெட்டோடு பார்க்கிறேன். குடிக்க வாங்கிய செம்பைக் கீழே வைத்துவிட்டு ஓடினேன். எதற்காக வந்தோம் என்பதே மறந்துவிட்டது. ஒரு பெரிய உண்மையைக் கண்டுபிடித்தவன் ஓடுகிற ஓட்டம் அது.

பூவரச மரத்தடியில் கயிறு அவிழ்ந்து கிடந்தது. அப்பா குளித்து ஈர வேட்டியோடு நின்றார். சூலம் அவர் தோளில் ஏறியிருந்தது, முனைகள் வானத்தைப் பார்த்து. அண்ணாச்சி மணலில் நெடுஞ்சாண்கிடையாகக் கிடந்து, “ஆத்தா, வந்துட்டியா ஆத்தா,” என்று அழுதுகொண்டிருந்தார்.

“அப்பா! அண்ணாச்சி! இது நம் சூலம் இல்லை!”

மூச்சு வாங்கியதோடு நிறுத்தினேனா? இல்லை. எல்லாம் சொன்னேன். மூன்று அண்ணன் தம்பிகள் உலகத்தைப் பங்கு வைத்தது. ஒருவனுக்கு வானம், ஒருவனுக்குப் பாதாளம், இவனுக்குக் கடல். ஒற்றைக் கண் கொல்லர்கள் அடித்துக் கொடுத்த சூலம். பாறையில் குத்தினால் உப்பு ஊற்று, தரையில் குத்தினால் பூமி நடுக்கம். அதோ பாருங்கள், ஓர முனையில் சிப்பிக்குள்ளே தூண்டில் முள் மாதிரி ஒரு கொக்கி. நம் சூலத்தில் கொக்கி உண்டா? தலை அந்தம்மா வீட்டில் கிடக்கிறது, வந்து பாருங்கள்.

அண்ணாச்சி எழுந்து உட்கார்ந்தார். நெற்றியெல்லாம் மணல். என்னைப் பார்க்கவில்லை.

“வே மாடசாமி. ஒம்ம மகன் என்னமோ சொல்லுதான். நீரு சொல்லும். இருவது வருசம் சொமந்தவரு நீரு. இது நம்மதா, இல்லயா?”

அதுவரை யாரும் அப்பாவிடம் அதைக் கேட்டிருக்கவில்லை. அண்ணாச்சி தானாகவே நம்பினார், அப்பா பேசாமல் தூக்கினார். இப்போது கேள்வி வந்துவிட்டது. அப்பா கையில் காப்பு இருந்தது, தோளில் சூலம் இருந்தது. அவர் என்னைப் பார்த்தார். கோபமாக இருந்தால் தாங்கியிருப்பேன். ஏதோ பாரம் தூக்கும்போது கைகொடுக்க வந்தவன் கையை எடுத்துவிட்டால் எப்படிப் பார்ப்போமோ அப்படிப் பார்த்தார்.

“இல்ல அண்ணாச்சி,” என்றார்.

அப்போதுதான் என்ன செய்துவிட்டேன் என்பது எனக்கு உறைத்தது. காது இரண்டும் அடைத்துக்கொண்டது. கடல் சத்தமே கேட்கவில்லை.

பிறகு அப்பா சூலத்தை மரத்தில் சாய்க்கத் திரும்பினார். அண்ணாச்சி பாய்ந்து தடுத்தார்.

“என்ன வே செய்யுதீரு? காப்பு கெட்டித் தூக்கியாச்சு. இறக்கப்படாது.”

“இது நம்மது இல்லயே அண்ணாச்சி.”

“நம்மதா இல்லயாங்கது வேற. தூக்குனது நாம. ஆத்தா பேரைச் சொல்லித் தூக்குனது.”

“இங்கன திருப்பி வைக்கவும் படாது,” என்றார் உபதேசியார் அவசரமாக.

ஆக, எங்களுக்கு உதவாத ஒரு சூலத்தை, இறக்கி வைக்க முடியாத காரணத்தால், நாற்பது மைல் சுமக்கத் தொடங்கினோம். சுமந்தோம் என்று எழுத எனக்கு உரிமை இல்லை. காப்பு கட்டியவர்கள் அவர்கள் இருவர். அண்ணாச்சிக்கு வயது ஐம்பத்தைந்துக்கு மேல். கால் மைலுக்கு மேல் முடியவில்லை. வண்டி பிடித்து, அதில் சூலத்தை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு நின்று பார்த்தார் அப்பா. ரஸ்தா நெடுக புளியமரம். ஒவ்வொரு கிளையும் மூன்று முனையில் மாட்டி, இரண்டு பர்லாங்கில் வண்டிக்காரன் காசே வேண்டாம் என்று இறக்கிவிட்டான். அதன்பிறகு ஆற்றங்கரையோடு நடை. அப்பாவுக்குத் தோள் மரத்துப்போனால் ஆற்றில் இறங்கி, சூலத்தைத் தண்ணீரில் நட்டுப் பிடித்துக்கொண்டு நிற்பார். சாப்பிடுவதும் அங்கேதான். இடுப்பளவு தண்ணீரில் நின்று, நான் கரையிலிருந்து நீட்டுகிற கருப்பட்டித் துண்டை வாங்கிக் கடிப்பார்.

அப்படி ஒரு தடவை நின்றபோது, அண்ணாச்சி தூரத்தில் காலைக் கழுவிக்கொண்டிருக்கையில், கேட்டேன்.

“அப்பா, உங்களுக்கு எப்போது தெரியும்?”

“எதுலே?”

“நம்முடையது இல்லையென்று.”

“கருவாட்டுக்காரன் சொல்லும்போதே தெரியும். இரும்பு எங்கன போவும்? நம்ம துறையிலதான் மணலுக்குள்ள கெடக்கு. விடியுததுக்கு முந்தி போயித் தோண்டிப் பாக்கேன்லா, ஒரு வருசமா. நீ தூங்கிட்டு இருப்ப.”

இரும்பு மிதக்காது என்று நான் பிள்ளைகளுக்குச் சொன்ன பாடம் அவருக்கும் தெரிந்திருந்தது. நான் அதை வைத்து அவரைச் சந்தேகித்தேன். அவர் அதை வைத்துத் தோண்டினார்.

“பின்னே இவ்வளவு தூரம் எதற்கு வந்தீர்கள்?”

“ஊருக்கு ஒரு சூலம் வேணும். எனக்கு ஒரு பேரு வேணும். ரெண்டும் ஒரே எடத்துல கெடைச்சா எடுத்துக்கிடலாம்னு வந்தேன்.” தண்ணீரை அள்ளி முகத்தில் அடித்துக்கொண்டார். “அண்ணாச்சி கேக்காம இருந்தா நான் சொல்லியிருக்க மாட்டேன்லே. கேட்டுட்டாரு.”

கேட்க வைத்தது யார் என்று அவர் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வழியில் இருந்த ஊர்களில் எல்லாம் பெண்கள் மஞ்சள் தண்ணீர்க் குடத்தோடு வெளியே வந்தார்கள். எந்தக் கோவில், எந்த அம்மன் என்று கேட்கவில்லை. ஈர வேட்டியோடு, காப்போடு, தோளில் சூலத்தோடு ஒருவர் வருகிறார், அது போதும். அப்பா காலில் தண்ணீர் ஊற்றி விழுந்து கும்பிட்டார்கள். ஒரு தாய் காய்ச்சலில் கிடந்த குழந்தையைக் கொண்டுவந்து சூலத்தின் நிழலில் பிடித்தாள். கப்பல் மூக்கில் இருந்த தாடிக்காரக் கிழவனின் சூலம். பசாசு சூலம் என்று மரத்தில் தலைகீழாகக் கட்டப்பட்டிருந்தது. அதன் நிழலில் அந்தக் குழந்தை ஒரு கொட்டாவி விட்டுத் தூங்கிப்போயிற்று. தாய் என்னைப் பார்த்து, “எந்த ஊரு ஆத்தாய்யா?” என்று கேட்டாள். வாயைத் திறந்தேன். மூடிக்கொண்டேன்.

அண்ணாச்சி சொன்னார், “கடல்ல இருந்து வாரா, தாயி.” அது பொய்யும் இல்லை.

திருநெல்வேலி ஸ்டேஷனில் கடைசியாக ஒரு முயற்சி. மூன்றாம் வகுப்பில் நிமிர்த்தி வைக்கக் கூரை இடம் கொடுக்கவில்லை. படுக்கப் போட்டால் சாமான் வண்டியில் ஏற்றிக்கொள்வதாக ரயில் கார்டு சொன்னார். படுக்கப்போட்டால் தரை என்றுதான் கணக்கு என்றார் அண்ணாச்சி. கார்டு என்னிடம் இங்கிலீஷில், “உன்னைப் பார்த்தால் படித்தவன் போலிருக்கிறது, இவர்களுக்கு நீயாவது எடுத்துச் சொல்லக்கூடாதா?” என்றார். எனக்கு எடுத்துச் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது என்றேன். அவருக்கு விளங்கியிருக்காது. ரயில் எங்களை விட்டுவிட்டுப் போயிற்று. மிச்சத்தையும் நடந்தோம்.

திங்கட்கிழமை உச்சிப்பொழுதில் எங்கள் துறைக்கு வந்தபோது ஊரே கரையில் நின்றது. குலவைச் சத்தம் கிளம்பியது. அண்ணாச்சி கையை உயர்த்தி அதை நிறுத்தினார். அவர் பொய் சொல்லிவிடமாட்டாரா என்று வழியெல்லாம் நான் எதிர்பார்த்துக்கொண்டே வந்தேன். இவ்வளவு தூரம் பசியோடு கூட நடந்த மனிதர்; அப்பா தோளில் ரத்தம் கட்டியிருந்ததைப் பார்த்த மனிதர்.

“நம்மது இல்ல,” என்றார் அண்ணாச்சி. “மாடசாமியே சொன்னாரு.” கொஞ்சம் நிறுத்தி, “அவரு சொல்லாட்டா எனக்குத் தெரிஞ்சிருக்காது. இதையும் ஊரு கேட்டுக்கிடணும். விக்கிறவன் இப்படிச் சொல்லமாட்டான்,” என்றார்.

கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு. நாட்டாமை தாடையைத் தடவினார். “வித்தாம்னு இனிமே யாரும் சொல்லப்படாது,” என்றார். வெற்றிலைத் தட்டை அப்பா பக்கம் நகர்த்தச் சொன்னார். ஒரு வருஷத்துக்குப் பிறகு அப்பா ஊர் வெற்றிலையை எடுத்தார். ஆனால், “சொன்ன சொல்லு சொன்னதுதான்” என்று மற்றதையெல்லாம் அப்படியே நிறைவேற்றினார் நாட்டாமை. தொலைத்தது தொலைத்ததுதான். அபராதம் உண்டு. புதுச் சூலம் உண்டு. ஆசாரி, தன் வீட்டில் ஆண்குழந்தை பிறந்த மூன்றாம் நாள் உலையைப் பற்றவைத்தார். செவ்வாய்க்குள் முடியாதென்று அந்த வருஷக் கொடை எட்டு நாள் தள்ளிப்போயிற்று. புதுச் சூலத்தை நாட்டாமையின் மருமகன் சுமந்தான். அப்பா கூட்டத்தோடு கூட்டமாகப் பின்னால் நடந்தார். முதல் வளைவில் அவன் தோள் மாற்றத் திணறினபோது, அப்பாவின் கை தானாக முன்னே போய் நின்றுவிட்டு வந்ததை நான் பார்த்தேன்.

கொண்டுவந்ததை என்ன செய்வது? பீடத்தில் ஏற்றமுடியாது, தரையில் இறக்கமுடியாது. துறைக்குக் கீழே கோடையிலும் வற்றாத ஆழமான கசத்தில் அப்பா அதை நட்டுவிட்டு வந்தார். அங்கேதான் நிற்கிறது.

போகவர, சாப்பாடு, கருப்பட்டி, வண்டிக்காரன் விட்டுக்கொடுத்தது போக மற்ற வண்டிக் கூலி எல்லாம் ஐந்து ரூபாய் பதினோரு அணா. நான் அந்தக் குடிசை முற்றத்திலேயே தண்ணீரைக் குடித்துவிட்டு வாயை மூடிக்கொண்டு வந்திருந்தால் அதோடு போயிருக்கும். இரும்புக்கும் ஆசாரி கூலிக்கும் பதின்மூன்று, ஊர் அபராதம் இருபத்தைந்து. ஏர் மாட்டில் ஒன்றை விற்றுக் கட்டினோம். ஆகமொத்தம் நாற்பத்து மூன்று ரூபாய் பதினோரு அணா.